பணிச்சோர்வுக்குப் பின் எந்த வேலை?

கேள்வி: மென்பொருள் நிறுவனமொன்றில் பதினொரு ஆண்டுகள் உழைத்து, முற்றிலும் சோர்ந்துபோய் மூன்று மாதங்களுக்கு முன் விலகினேன். மனநிறைவுக்காக ஆசிரியப் பணிக்குச் செல்லலாமா?
– வாசகி, தாம்பரம்

பதில்: உங்களுக்கு நேர்ந்தது சோம்பலும் அல்ல, திறமைக் குறைவும் அல்ல. சரிவரக் கையாளப்படாத, நாள்பட்ட பணி அழுத்தத்தின் விளைவென்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் வரையறுத்த நிலை இது. ஆற்றல் வற்றுதல், வேலையின் மீது கசப்பு, செயல்திறன் குறைதல் ஆகியவை அதன் அடையாளங்கள்.

புதிய வேலையைத் தேடும் முன், பழைய வேலையில் எது உங்களை உடைத்தது என்று கண்டறியுங்கள். உளவியலாளர்கள் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் மைக்கேல் லைட்டரும் பணிச்சுமை, முடிவெடுக்கும் உரிமை, உழைப்புக்கேற்ற பலன், சக ஊழியர் உறவு, நியாயம், விழுமியங்கள் என ஆறு இடங்களைச் சுட்டுகிறார்கள். பணிச்சுமைதான் காரணமென்றால், விடைத்தாள் கட்டுகளும் பதிவேடுகளும் வீடுவரை பின்தொடரும் ஆசிரியப் பணி உங்களை மீண்டும் அதே இடத்தில் நிறுத்தக்கூடும் என்பதே என் அச்சம். செய்த வேலையில் பொருளில்லை என்பதே உறுத்தியதென்றால், அது மிகப் பொருத்தமாக அமையலாம்.

ஆகவே, இரண்டாண்டு பி.எட். படிப்பில் சேருமுன், அருகிலுள்ள மாலைநேர வகுப்பொன்றில் சில மாதங்கள் கற்பித்துப் பாருங்கள். வகுப்பு முடிந்து வீடு திரும்பும்போது உங்கள் மனம் எப்படியிருக்கிறது என்பதை நாள்தோறும் எழுதி வையுங்கள். இதற்கிடையே உறக்கமின்மையோ துயரமோ வாரக்கணக்கில் நீடித்தால், மருத்துவரைப் பாருங்கள்; 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.