ஏர் ரைஃபிளோடு முயல், புறா வேட்டைக்குப் போன அனுபவம் உண்டா? இங்கிலாந்தில் அது சட்டப்படி சரியா?

உண்டு. பர்மிங்காமில் இருக்கிறேன், நாலு வருஷமாக ஷ்ராப்ஷயரில் லட்லோ பக்கம் ஒரு பண்ணைக்குப் போய்வருகிறேன். போன ஜூலைக் கடைசியில் ஒரு சனி ஞாயிறு போனதைச் சொல்கிறேன், சட்டமும் நடுவில் வந்துவிடும்.

அதற்கு முன் ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் காட்டு முயலை அடிப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஏர்கன் கடையில் கிடைக்கிறது என்பதற்காக அதைத் தூக்கிக்கொண்டு கரிசல் காட்டுக்குப் போய்விடாதீர்கள். இன்னொன்று, நம்மூர்க் காட்டு முயல் வேறு பிராணி. அது வளை தோண்டாது, புல்லுக்குள் ஒரு பள்ளத்தில் படுத்துக்கிடக்கும், குட்டி போடும்போதே ரோமத்தோடும் திறந்த கண்ணோடும் போடும். இங்கே இருப்பது மண்ணுக்குள் வளை வளையாகக் குடைந்து கூட்டமாக வாழ்கிற முயல், நார்மன்காரர்கள் காலத்தில் இறைச்சிக்கும் தோலுக்கும் வளர்த்துப் பரவியது. 1953இல் மிக்ஸோமடோசிஸ் நோய் வந்து கூண்டோடு செத்தும் மறுபடி பெருகிவிட்டது. பயிர்க்காரனுக்கு இது தொல்லை.

சட்டத்துக்கு வருகிறேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 12 ஃபுட் பவுண்ட் சக்திக்கு உட்பட்ட ஏர் ரைஃபிளுக்கு (ஏறக்குறைய 16 ஜூல்) லைசென்ஸ் தேவையில்லை, வாங்க 18 வயது ஆகியிருக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் 2016 கடைசியில் இருந்து லைசென்ஸ் கட்டாயம், வட அயர்லாந்தில் இன்னும் கெடுபிடி. நிலம் உங்களுடையதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அனுமதி வேண்டும், நான் எழுத்தில் வாங்கி மடித்துப் பையிலேயே வைத்திருக்கிறேன். பொது இடத்தில் தகுந்த காரணம் இல்லாமல் துப்பாக்கியைக் கொண்டுபோவது, குண்டு போடாமல் இருந்தாலும் குற்றம், அதனால் காரில் இருந்து வயல் கேட் வரைக்கும் அது உறைக்குள்ளேதான் இருக்கும். சுட்ட குண்டு பண்ணை எல்லையைத் தாண்டக் கூடாது. முயலுக்குப் பண்ணைக்காரர் சம்மதம் போதும், 1880 சட்டத்தில் இருந்தே அது நிலத்தில் பயிர் செய்பவரின் உரிமை. புறாதான் சிக்கல். காட்டுப் பறவைகள் எல்லாமே பாதுகாக்கப்பட்டவை, ஆனால் மரப்புறாவைப் பயிர்ச் சேதத்தைத் தடுப்பதற்காக ஜிஎல் 42 என்ற பொது உரிமத்தின் கீழ் சுடலாம். தனியாக விண்ணப்பம் போட வேண்டாம், ஆனால் நிபந்தனைகளை வரிக்கு வரி படித்திருக்க வேண்டும். பொழுதுபோகவில்லை என்று புறாவைச் சுட அதில் இடம் கிடையாது.

சரி, அந்தச் சனிக்கிழமை. என்னை அழைத்துப்போகிறவர் என்னோடு முன்பு வேலை பார்த்த பெரியவர், 68 வயது, சின்னப் பிள்ளையில் இருந்தே அந்த வட்டாரத்தில் முயல் அடிப்பவர். அவரிடம் பழைய ஸ்பிரிங் துப்பாக்கி, ஒவ்வொரு குண்டுக்கும் அடிநெம்பை இழுத்துப் பூட்ட வேண்டும். என்னிடம் இருப்பது ஏர் ஆர்ம்ஸ் எஸ்410, 4.5 மில்லிமீட்டர், டைவிங் சிலிண்டரில் இருந்து காற்று நிரப்புகிற வகை. போனதும் முதல் வேலை, வைக்கோல் கட்டில் ஒரு அட்டையைச் சாத்தி 30 கஜத்தில் ஐந்து குண்டு சுட்டுப் பார்ப்பது. ஐந்தும் ஒரு ஐந்து பென்ஸ் காசுக்குள் அடங்கினால்தான் வயலுக்குள் இறங்குவோம். ஏனென்றால் இந்தக் குண்டின் எடையே அரை கிராம் சொச்சம்தான், உடம்பில் பட்டால் முயல் பெரும்பாலும் உடனே சாகாது, காயத்தோடு வளைக்குள் போய் மெதுவாகச் சாகும். தலையில், கண்ணுக்கும் காதுக்கும் நடுவே ஒரு அங்குல வட்டம், அதற்குள் விழ வேண்டும்.

அந்த வாரம் பெய்த மழையில் கோதுமை நாலைந்து இடத்தில் பாய் விரித்த மாதிரி சாய்ந்து கிடந்தது. நிற்கிற கதிரில் புறாவால் உட்கார முடியாது, சாய்ந்துவிட்டால் அதற்குப் பந்திதான். வேலியோரம் பத்துக் கஜ அகலத்துக்கு முயல் மேய்ந்து கணுக்கால் உயரத்துக்கு மொட்டையாக்கியிருந்தது. பண்ணைக்காரர் அதைக் காட்டும்போது எதுவும் பேசவில்லை, பூட்ஸ் காலால் தரையைத் தட்டிவிட்டு நின்றார்.

சாயங்காலம் ஏழரைக்குப் போய்ப் படுத்தோம். ஜூலையில் அங்கே ஒன்பது மணிக்கு மேல்தான் சூரியன் மறையும், முயல் வெளியே வருவது அந்தக் கடைசி ஒன்றரை மணி நேரத்தில். காற்று முகத்துக்கு எதிரே அடிக்கிற பக்கமாகப் பார்த்து, நம்மூர்க் காஞ்சொறி மாதிரி அரிக்கிற நெட்டில் செடிக்குள் முழங்கையை ஊன்றிக் கிடக்க வேண்டும். முதல் முயல் 28 கஜத்தில் வந்து பின்னங்காலில் நிமிர்ந்து உட்கார்ந்தது, மூக்கு துடிப்பது ஸ்கோப்பில் தெரிந்தது. மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி அழுத்தினேன். ஈரத் துணியைக் கல்லில் அடித்த மாதிரி ஒரு சத்தம், அப்படியே சாய்ந்துவிட்டது. பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்த இரண்டும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேயத் தொடங்கின.

அடுத்தது தப்பாகிப் போனது. இருட்டத் தொடங்கியிருந்தது, ஏற்றத்தில் ஒரு பெரிய முயல், முப்பது கஜம் என்று என் கண் சொல்லியது, அவசரம் வேறு, சுட்டுவிட்டேன். குண்டு தாழ்ந்து தாடையில் பட்டிருக்க வேண்டும். கத்தியது. முயல் கத்துவதைக் கேட்டிருக்கிறீர்களா? கைக்குழந்தை அழுகிற மாதிரியே இருக்கும். நான் இரண்டாவது குண்டு போடுவதற்குள் இழுத்துக்கொண்டு போய் வளைக்குள் புகுந்துவிட்டது. ஓடிப்போய்த் தோள் வரைக்கும் கையை விட்டுப் பார்த்தேன், மண்தான் வந்தது. திரும்பும்போது காலால் அளந்தேன், 43 கஜம். 30 கஜத்தில் குறி சரியாக விழும்படி ஸ்கோப்பைத் திருத்தி வைத்த என் துப்பாக்கியில் 45 கஜத்துக்குப் போகும்போது குண்டு இரண்டு அங்குலம் போல இறங்கிவிடும், இது எனக்குத் தெரியும், நாலு வருஷமாகத் தெரியும். பெரியவர் திட்டவில்லை. தன் துப்பாக்கியை உறைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டு, "இன்னைக்குப் போதும்" என்றார். அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

ஞாயிறு விடியற்காலை அவர் என்னிடம் ஒரு கட்டுக் குச்சி கொடுத்தார். நான் படுக்கப்போகிற இடத்தில் இருந்து 30 கஜம் அளந்து, அரை வட்டமாக ஏழெட்டுக் குச்சியைப் பட்டை உரித்த வெள்ளைப் பக்கம் நம்மைப் பார்க்கும்படி நடவேண்டும், குச்சிக்கு அந்தப் பக்கம் எது வந்தாலும் அது நமக்கு இல்லை. இவ்வளவுதான் விஷயம். தூரத்தை அளந்து காட்டுகிற ரேஞ்ச்ஃபைண்டர் வாங்கிக்கொள்ளுங்கள் என்று பலர் சொல்வார்கள், என்னிடமும் இருக்கிறது, பையில் இருந்து அதை எடுக்கிற அசைவுக்கே முயல் பின்னங்காலால் தரையைத் தட்டி மற்றதையும் உஷார்ப்படுத்திவிடும். இப்போது குச்சி இல்லாமல் நான் படுப்பதே இல்லை. அன்று காலை இரண்டு மணி நேரத்தில் குச்சிக்கு அப்பால் பதினோரு முயல், இப்பால் வந்தது இரண்டு. அந்த இரண்டையும் எடுத்தேன், இரண்டும் துடிக்கவில்லை.

பதினோரு மணிக்கு மேல் புறா. கோதுமை ஓரத்தில் நோயில் பட்டுப்போன ஒரு ஆஷ் மரம் நிற்கிறது. அந்த நோய் 2012இல் இந்த நாட்டில் கண்டுபிடித்ததில் இருந்து எங்கே பார்த்தாலும் இப்படி எலும்பாக நிற்கிற மரங்கள்தான். வயலில் இறங்குவதற்கு முன் புறா அதன் மொட்டைக் கிளையில் உட்கார்ந்து ஒரு நோட்டம் விடும். அடியில் எங்களை மறைத்துக்கொள்ள ஒரு வலை கட்டிக் காத்திருந்தோம். மரப்புறா நம் மாடப்புறாவை விடப் பெரியது, அரைக் கிலோ இருக்கும், கழுத்தில் வெள்ளைத் திட்டு, இறக்கையில் வெள்ளைப் பட்டை. அதோடு சேர்ந்து கழுத்தில் வெள்ளை இல்லாத ஸ்டாக் டவ் என்று ஒன்றும் வரும், அதைத் தொடக் கூடாது. மரப்புறாக் குஞ்சுக்கும் கழுத்தில் வெள்ளை இருக்காது என்பதால், இறக்கைப் பட்டை கண்ணில் படுகிற வரைக்கும் நான் விரலை விசைப் பக்கம் கொண்டுபோவதில்லை. ஒன்று கால் மணி நேரம் என் நேர்மேலே உட்கார்ந்திருந்தது, பறக்கும்போதுதான் மரப்புறா என்று தெரிந்தது. போகட்டும். இரண்டு பேருக்குமாக ஐந்து கிடைத்தது.

முயலை உடனே சுத்தம் செய்துவிட வேண்டும், கோடையில் அரை மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. முதலில் அடிவயிற்றை அழுத்தி மூத்திரத்தை வெளியேற்றுவது, அப்புறம் வயிற்றைத் தோல் ஆழத்துக்கு மட்டும் கீறி, குடலைக் கிழித்துவிடாமல் மொத்தமாக உருவிக் குழியில் புதைப்பது. ஈரலைப் பார்க்க வேண்டும், வெள்ளைப் புள்ளி இருந்தால் அந்த முயல் சாப்பாட்டுக்கு ஆகாது. ஒரு பின்னங்கால் நரம்புக்கும் எலும்புக்கும் நடுவே கீறி மற்றக் காலை அதில் நுழைத்துவிட்டால் தடியில் மாட்டித் தூக்கிவரலாம். புறாவின் கழுத்தடியில் இருக்கிற தீனிப்பையைக் கீறியபோது கோதுமை கைநிறையக் கொட்டியது, பால் பிடித்த மணி, சூடாக இருந்தது. அதை அப்படியே எடுத்துப்போய்ப் பண்ணைக்காரர் கையில் கொட்டினேன்.

சமையல் கேட்பீர்கள். காட்டு முயலில் கொழுப்பே கிடையாது, வெறுமனே வறுத்தால் செருப்புத் தோல் ஆகிவிடும். காது சுலபமாகக் கிழிந்தால் இளசு, குக்கரில் மூன்று விசில், முற்றல் என்றால் ஆறு. அப்புறம் நல்லெண்ணெய் தாராளமாக, சின்ன வெங்காயம், இடித்த மிளகு, கறிவேப்பிலை போட்டுச் சுக்கா. புறாவில் நெஞ்சுக்கறியை மட்டும் எடுத்து, தோசைக்கல்லைப் புகைய வைத்து ஒரு பக்கத்துக்கு இரண்டு நிமிஷம், அதற்கு மேல் விட்டால் ஈரல் நாற்றம் வரும்.

அனுமதி எப்படி வாங்குவது என்றும் சிலர் கேட்கிறார்கள். அறுவடை நேரத்தில் போகாதீர்கள், போன் செய்யாதீர்கள், பிப்ரவரி மாதிரி வேலை குறைந்த நாளில் நேரில் போய்க் கதவைத் தட்டுங்கள். எனக்கு முதல் ஐந்து பண்ணையில் முடியாது என்றார்கள், ஆறாவதில் இந்தப் பெரியவர் கூட வந்து பேசினார். இப்போதும் ஆட்டுக்கு ரோமம் கத்தரிக்கிற நாளில் நான் போய் ஆடு பிடித்துக் கொடுக்கிறேன்.