வேலையில் இருந்துகொண்டே ராணுவத்தில் சேரலாமா? குடும்பக் கணக்கு தாங்குமா?

கேள்வி: வயது 34. கோவையில் நூற்பாலை இயந்திரங்கள் தயாரிக்கும் தனியார் நிறுவனத்தில் டிசைன் பிரிவில் வேலை. மொத்தச் சம்பளம் 1.65 லட்சம், பிடித்தம் போகக் கைக்கு 1.42 லட்சம் வருகிறது. வீட்டுக்கடன் பாக்கி 38 லட்சம், மாதத் தவணை 48,000. வீட்டுச் செலவு 45,000, பெற்றோருக்கு 12,000, மகளின் பள்ளிக் கட்டணம் மாதக் கணக்கில் 10,000, மியூச்சுவல் ஃபண்ட் எஸ்.ஐ.பி. 20,000. வங்கியில் 4 லட்சம் டெபாசிட் இருக்கிறது. 50 லட்சத்துக்கு டேர்ம் பாலிசி உண்டு. மனைவி வேலைக்குப் போகவில்லை. கல்லூரியில் என்.சி.சி. 'சி' சான்றிதழ் வாங்கினேன். அப்போது ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி. தேர்வில் கடைசி நாள் வரை போய்த் திரும்பி வந்தேன். இப்போது டெரிட்டோரியல் ஆர்மியில் (பிராந்திய ராணுவம்) அதிகாரியாக விண்ணப்பிக்க ஆசை. "வருஷத்துக்கு ரெண்டு மாசம்தான், சம்பளமும் உண்டு, பென்ஷன், கேன்டீன் எல்லாம் கிடைக்கும்" என்கிறான் நண்பன். "உங்களுக்கு ஆசை, எங்களுக்கு இ.எம்.ஐ." என்கிறார் மனைவி. பண விஷயமாக மட்டும் பார்த்தால் இது சரிப்படுமா ஐயா?

பதில்: உங்கள் மனைவி சொன்ன ஒரு வரியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் கணக்கு அங்கேதான் இருக்கிறது. நண்பர் சொன்ன 'ரெண்டு மாசம்' பொய்யில்லை. ஆனால் அதை வைத்து முடிவெடுக்கக் கூடாது. நீங்கள் தேர்ந்தெடுக்காத ஒரு வருடத்தில், "வா" என்று ராணுவம் அழைக்கும்போது, உங்கள் வீடு தொடக்க நிலை அதிகாரியான லெஃப்டினன்ட்டின் சம்பளத்தில் ஓடுமா என்பதுதான் கேள்வி. ஓடும் என்றால் தாராளமாகப் போங்கள். இன்றைய நிலையில் ஓடாது. சுமார் ஒரு வருடம் தயார்ப்படுத்தினால் ஓடும்.

முதலில் இந்த அமைப்பைப் பற்றிக் கொஞ்சம். 1949 அக்டோபர் 9 அன்று ராஜாஜி தொடங்கி வைத்த பிராந்திய ராணுவம் இது. வேறு வேலையில் சம்பாதிப்பவர்கள் தேவையான காலத்தில் சீருடை அணிவதுதான் இதன் அடிப்படை. அதனால்தான் விண்ணப்பிப்பவருக்குச் சொந்த வருமானம் இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைக்கிறார்கள். இது முழுநேர வாழ்க்கைத் தொழில் அல்ல என்று அறிவிக்கையிலேயே எழுதியிருக்கும். தோனி, மோகன்லால் படங்களைப் பார்த்துவிட்டு ஆசைப்படுகிறவர்கள் நிறைய. அவர்களுடையது கௌரவப் பதவி. நீங்கள் போகும் வழி எழுத்துத் தேர்வு, நேர்காணல், மறுபடியும் எஸ்.எஸ்.பி., மருத்துவப் பரிசோதனை என்று நீளும். 42 வயது வரை விண்ணப்பிக்கலாம், ஆகவே அவசரம் எதுவும் இல்லை.

சரி, அந்த 'ரெண்டு மாசம்'. ஆண்டுதோறும் இரண்டு மாதப் பயிற்சி முகாம் உண்மைதான். அதோடு முதல் வருடத்தில் ஒரு மாத அடிப்படைப் பயிற்சியும், முதல் இரண்டு வருடத்துக்குள் சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் (ஓ.டி.ஏ.) மூன்று மாதப் பயிற்சியும் உண்டு. கூட்டிப் பாருங்கள்: முதல் 24 மாதத்தில் 8 மாதம் நீங்கள் கம்பெனியில் இருக்க மாட்டீர்கள். உங்கள் மேலாளர் காதில் இது 'வருஷத்துக்கு ரெண்டு மாசம்' என்று விழுந்துவிட்டு, பிறகு உண்மை தெரியவந்தால் மனக்கசப்புதான் மிஞ்சும். முழுக் கணக்கையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பயிற்சியிலும் பணியிலும் இருக்கும் நாட்களுக்கு நிரந்தர ராணுவ அதிகாரிக்குரிய அதே ஊதியம் கிடைக்கும். லெஃப்டினன்டுக்கு அடிப்படைச் சம்பளம் 56,100, ராணுவப் பணி ஊதியம் 15,500, ஆக 71,600. இதன் மீது, 2025 ஜூலை முதல் அமலான 58 சதவீத வீதத்தில், அகவிலைப்படி 41,500 சேர்ந்தால் சுமார் 1.13 லட்சம். வரியும் பிடித்தங்களும் போகக் கைக்கு ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பணியிடத்தைப் பொறுத்து மற்ற படிகள் வந்தால் நல்லது, ஆனால் வராது என்று வைத்தே திட்டமிட வேண்டும்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். நிறுத்த முடியாத செலவுகள்: தவணை, வீடு, பெற்றோர், பள்ளி, மொத்தம் 1.15 லட்சம். எஸ்.ஐ.பி.யை நிறுத்திய பிறகும் மாதம் 15,000 துண்டு விழுகிறது. எட்டு மாதப் பயிற்சிக்கு இது 1.2 லட்சம்தான், டெபாசிட்டிலிருந்து சமாளிக்கலாம். நண்பர் பேசாமல் விட்டது இதற்கு அடுத்த பகுதி.

2025 மே 6 அன்று மத்திய அரசு ஓர் உத்தரவு போட்டது. தேவைப்பட்டால் பிராந்திய ராணுவத்தின் எல்லா அதிகாரிகளையும் வீரர்களையும் பணிக்கு அழைக்க ராணுவத் தளபதிக்கு அதிகாரம் கொடுத்த உத்தரவு அது. 32 காலாட்படை பட்டாலியன்களில் 14-ஐ முழுநேரப் பணியில் அமர்த்தவும் அதில் வழி செய்யப்பட்டது. அது அமலில் இருக்கும் காலம் 2025 பிப்ரவரி 10 முதல் 2028 பிப்ரவரி 9 வரை. மொத்தம் மூன்று வருடம். தினமும் நீங்கள் கடந்துபோகும் ரெட்ஃபீல்ட்ஸில் இருக்கும் 110-வது பட்டாலியனில் சேர்ந்தால் கோவையிலேயே இருக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அழைப்பு வந்தால் காஷ்மீரோ வடகிழக்கோ, அனுப்புகிற இடத்துக்குத்தான் போக வேண்டும். போர் வந்தால்தான் அழைப்பார்கள் என்பதும் இல்லை. பட்டாலியனுக்கு அதிகாரி தேவைப்படும்போதெல்லாம் அழைப்பு வரலாம்.

ஆகவே இரண்டு வருடம் தொடர்ந்து வெளியே இருப்பதாக வைத்துக் கணக்குப் போடுங்கள். மாதம் 15,000 வீதம் 3.6 லட்சம். அப்புறம், சம்பளக் கணக்கு கம்பெனியிலிருந்து ராணுவத்துக்கு மாறும்போது முதல் பணம் வரத் தாமதமாகலாம், வங்கி தவணைக்குக் காத்திருக்காது. அதற்காக மூன்று மாதச் செலவு, 3.45 லட்சம். மொத்தம் சுமார் 7 லட்சம் தனியாக இருக்க வேண்டும். உங்களிடம் 4 லட்சம் இருக்கிறது. மீதி 3 லட்சத்துக்கு, 20,000 எஸ்.ஐ.பி.யை 15 மாதம் நிறுத்தி அந்தப் பணத்தை டெபாசிட்டில் போட்டால் முடிந்தது. தேர்வு நடைமுறை எப்படியும் அவ்வளவு காலம் இழுக்கும், அதனால் விண்ணப்பத்தையும் சேமிப்பையும் சேர்த்தே தொடங்கலாம். நீண்டகால முதலீட்டை நிறுத்தச் சொல்வது எனக்குப் பிடித்த யோசனை அல்ல. ஆனால் மியூச்சுவல் ஃபண்டை நஷ்டத்தில் விற்றுத் தவணை கட்டும் நிலையைவிட இது மேல்.

வேலைக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. 1948-ஆம் ஆண்டு பிராந்திய ராணுவச் சட்டத்தின்படி, பணிக்கு அழைக்கப்பட்டுத் திரும்புகிறவரை முதலாளி மறுபடியும் வேலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும். மறுத்தால் முறையிடலாம். ஆனால் சேர்த்துக்கொள்ளாததற்கு இழப்பீடாகக் கிடைக்கக்கூடிய தொகைக்கு வரம்பு ஆறு மாதச் சம்பளம். இடையில் போகாமல் இருந்திருந்தால் கிடைத்திருக்கும் நிலைக்குக் குறையாமல் சேர்க்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் பதவி உயர்வு தள்ளிப்போகலாம். 34 வயதில், டீம் லீட் நாற்காலிக்குக் காத்திருக்கும் நேரத்தில், ஒரு பெரிய புராஜெக்ட் நடுவே நீங்கள் இல்லாமல் போனால் அதன் விலை இந்த 7 லட்சத்தைவிடப் பெரிதாக இருக்கலாம். இதைப் பணமாக்கிச் சொல்ல என்னால் முடியாது, உங்கள் கம்பெனியை அறிந்த நீங்கள்தான் எடை போட வேண்டும். எச்.ஆர்.இடம் மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்: பயிற்சி மாதங்கள் சம்பளமில்லா விடுப்பா, அந்த மாதங்களில் குழுக் காப்பீடு தொடருமா, ஆண்டு போனஸ் எப்படிக் கணக்கிடப்படும். சம்பளமில்லா விடுப்பு என்றால் அந்த மாதங்களில் பி.எஃப். பங்களிப்பும் நிற்கலாம். விடுப்பு அனுமதியின் நகலைப் பத்திரமாக வையுங்கள், பின்னாளில் கிராஜுவிட்டி கணக்கில் பணிமுறிவு என்று யாரும் சொல்லாதிருக்க அது வேண்டும்.

பென்ஷனை உங்கள் ஓய்வுக்காலத் திட்டத்தில் சேர்க்கவே கூடாது. அதிகாரிக்கு 20 வருடம் உண்மையாகப் பணியில் அமர்த்தப்பட்ட சேவை வேண்டும். வருடத்துக்கு இரண்டு மாதம் என்று போனால் அது நடக்காத காரியம். கேன்டீன் சலுகை கிடைக்கும், மளிகையில் கொஞ்சம் மிச்சமாகும். அதற்காக ராணுவத்தில் சேர்கிறவர் யாரும் இல்லை.

வரியில் ஒரு பள்ளம் இருக்கிறது. இரண்டு மாத ராணுவச் சம்பளம் 2.26 லட்சம் என்றால் அதைத் தனியாகப் பார்க்கும் ஊதிய அலுவலகம் வரி பிடிக்காமல் விடலாம். கம்பெனியோ தன் சம்பளத்துக்கு மட்டும் பிடிக்கும். ரிட்டர்ன் போடும்போது இரண்டும் சேர்ந்து, புதிய வரி முறையில் உங்களுக்குச் சுமார் 45,000 ரூபாய் பாக்கி நிற்கும், வட்டியும் சேரலாம். முகாமிலிருந்து திரும்பியதும் அந்தச் சம்பள விவரத்தை அக்கவுண்ட்ஸ் பிரிவில் கொடுத்து அங்கேயே பிடிக்கச் சொல்லுங்கள்.

காப்பீட்டில்தான் எனக்கு உண்மையான கவலை. 38 லட்சம் கடன் இருக்கும் வீட்டில் 50 லட்சம் பாலிசி என்றால், உங்களுக்கு ஏதாவது ஆனால் கடன் அடைந்த பிறகு மனைவி கையில் 12 லட்சம்தான் இருக்கும். அது ஒன்றரை வருடச் செலவுக்கு மேல் தாங்காது. ராணுவத்தில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் இன்னும் ஒரு கோடிக்கு டேர்ம் பாலிசி எடுங்கள், இந்த மாதமே. விண்ணப்பத்தில் ராணுவப் பணி பற்றிக் கேள்வி இருந்தால், சேரும் திட்டம் இருக்கிறது என்பதை மறைக்காமல் எழுதுங்கள். பிரீமியம் கூடினால் கூடட்டும், மறைத்து எடுத்த பாலிசி கிளெய்ம் நேரத்தில் குடும்பத்தைத் தெருவில் நிறுத்தும். பழைய பாலிசியின் நிறுவனத்திடமும் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். தனிநபர் விபத்துக் காப்பீடு வைத்திருந்தால் அதை இந்தக் கணக்கில் நம்ப வேண்டாம், போர் தொடர்பான காயங்களை அந்த பாலிசிகள் பொதுவாக விலக்கிவிடுகின்றன.

விண்ணப்பிப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். அடுத்த மாதத்திலிருந்து மூன்று மாதம், சம்பளம் வந்த அன்றே 42,000 ரூபாயை வேறு கணக்குக்கு மாற்றிவிட்டு, மீதி ஒரு லட்சத்தில் வீட்டை நடத்துங்கள். நடத்த வேண்டியவர் நீங்கள் அல்ல, உங்கள் மனைவி. தவணை எந்தக் கணக்கிலிருந்து போகிறது, பள்ளிக் கட்டணம் எப்போது, பாலிசி எங்கே என்பதெல்லாம் அந்த மூன்று மாதத்தில் அவர் கைக்கு வந்துவிட வேண்டும். நீங்கள் எல்லையில் இருக்கும்போது போன் எடுக்காத நாட்கள் வரும். மூன்று மாத முடிவில் 1.26 லட்சம் சேர்ந்திருக்கும், 15,000 துண்டு எங்கே சரிசெய்யப்பட்டது என்பதும் தெரிந்திருக்கும். அப்போது அவரிடமே கேளுங்கள். "முடியும்" என்றால் விண்ணப்பப் படிவத்தை இருவரும் சேர்ந்தே நிரப்புங்கள். "முடியாது" என்றால் வீட்டுக்கடனில் ஒரு பகுதியை முன்கூட்டியே அடைத்துத் தவணையைக் குறைத்த பிறகு மறுபடி பாருங்கள், 42 வயதுக்கு இன்னும் எட்டு வருடம் இருக்கிறது.