ஹோமரை முடித்த பிறகுதான் 'சர்சி'யைத் தொட வேண்டுமா?

கேள்வி: ஆங்கில நாவல்கள் ஓரளவு படிப்பேன். கிரேக்கப் புராணங்களைப் புதிதாகச் சொல்லும் நாவல்கள் நன்றாக இருக்கும் என்று தோழி சொன்னதை நம்பி, மேடலின் மில்லரின் 'சர்சி'யை வாங்கினேன். நாற்பது பக்கத்துக்குள் பெயர்கள் குழம்பி மூடி வைத்துவிட்டேன். முதலில் ஹோமரை முழுக்கப் படித்தாக வேண்டுமா? எந்த நாவலில் தொடங்கலாம்?

பதில்: முழுக்க வேண்டாம். ஹோமரின் இரண்டு காவியங்களில் 'இலியட்' 15,000 அடிகளுக்கு மேல், 'ஒடிசி' 12,000 அடிகளுக்கு மேல். "அதை முடித்துவிட்டு வருகிறேன்" என்று கிளம்புகிறவர்களில் பாதிப் பேர் இலியட்டின் 2ஆம் படலத்தில் வரும் கப்பல் பட்டியலிலேயே கரை ஒதுங்கிவிடுவார்கள். நான் சொல்வது, ஒரு நாவலுக்கு ஒரு படலம். இந்த நாவல்களில் பல, மூலத்தில் ஹோமர் சட்டென்று கடந்து போன ஏதோ ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தவை. அந்த இடத்தைப் படித்திருந்தால் போதும்.

'சர்சி'க்கு அது ஒடிசியின் 10ஆம் படலம். 600 அடிகூட இல்லை, ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். ட்ராய்ப் போர் முடிந்து ஊர் திரும்பும் கிரேக்க வீரன் ஒடிசியஸின் ஆட்களைச் சூனியக்காரி சர்சி பன்றிகளாக்குகிறாள். ஹெர்மிஸ் தேவன் கொடுத்த மூலிகையால் அவன் மட்டும் தப்புகிறான். அப்புறம் ஒரு வருடம் அவளோடேயே தங்குகிறான். சரி, ஏன் பன்றியாக்கினாள்? ஹோமர் காரணம் சொல்வதில்லை. மில்லர் அந்த 'ஏன்'ஐத்தான் தேடிப் போகிறார். நீங்கள் சிக்கிய முதல் பக்கங்கள் சூரிய தேவன் ஹீலியோஸ் வீட்டு உறவுக்கூட்டம். கல்யாண வீட்டில் எல்லா ஒன்றுவிட்ட மாமாக்களையும் அறிமுகப்படுத்துவார்களே, அது மாதிரி. சர்சியோடு அவள் தம்பி ஏயீட்டீஸையும் தங்கை பாசிஃபேயையும் நினைவில் வைத்தால் போதும். தம்பி சூனியக்காரி மெடியாவின் தகப்பன், தங்கை காளைத்தலை மினோட்டாரைப் பெற்றவள். சர்சியைத் தனித்தீவுக்கு விரட்டிய பிறகு கதை தானாக ஓடும்.

ஆனால் என்னைக் கேட்டிருந்தால், மார்கரெட் அட்வுட்டின் 'பெனலபியட்'டை (2005) முதலில் கொடுத்திருப்பேன். சின்னப் புத்தகம். அதற்கு முன் ஒடிசியின் 22ஆம் படலத்தைப் படியுங்கள். தன் மனைவி பெனலபியை மணக்கக் காத்துக் கிடந்தவர்களை ஒடிசியஸ் கொன்று குவிக்கிறான். அவர்களோடு படுத்தார்கள் என்று சொல்லப்பட்ட 12 பணிப்பெண்களை அழைத்து, பிணங்களை அகற்றவும் ரத்தம் படிந்த மேசைகளைக் கழுவவும் வைக்கிறான். வேலை முடிந்ததும் அவர்களை வாளால் வெட்டச் சொல்கிறான். மகன் டெலிமாக்கஸுக்கு அது போதவில்லை. அவ்வளவு கௌரவமான சாவு இவர்களுக்கு எதற்கு என்று கயிற்றில் தொங்கவிடுகிறான். வலையில் மாட்டிய புறாக்கள்போலத் தொங்கினார்கள், கால்கள் கொஞ்ச நேரம் துடித்தன, வெகுநேரம் இல்லை. இவ்வளவுதான் ஹோமர். காவியம் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறது. அட்வுட் அந்தக் கயிற்றடியிலேயே நின்றுவிடுகிறார். பெனலபி தன் கதையைச் சொல்லச் சொல்ல, அந்தப் பன்னிரண்டு பேரும் நடுநடுவே புகுந்து பாடுகிறார்கள், ஒடிசியஸை நீதிமன்றத்தில் ஏற்றுகிறார்கள். சீதையைத் தீக்குளிக்கச் சொன்னார்கள் என்று கேட்டதும் மறுபடி கல்லாகிவிடும் புதுமைப்பித்தனின் அகலிகையைத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கோபம் புதிதாக இருக்காது.

இலியட் பக்கம் வர விரும்பினால் பாட் பார்க்கரின் 'தி சைலன்ஸ் ஆஃப் தி கேர்ள்ஸ்' (2018). ட்ராய்ப் போரில் கிரேக்க மாவீரன் அக்கிலிஸும் படைத்தலைவன் அகமெம்னானும் சண்டை போடுவதே பிரிசேயிஸ் என்ற சிறைப்பெண்ணுக்காக. அவளோ மொத்தக் காவியத்திலும் ஒரே இடத்தில்தான் வாய் திறக்கிறாள், 19ஆம் படலத்தில், 14 அடிகள். 1, 19 இரண்டையும் படித்துவிட்டு நாவலைத் திறங்கள். கிரேக்க வீரர்கள் பிரிட்டிஷ் சிப்பாய்கள்போலப் பேசுவது முதலில் உறுத்தும், பழகிவிடும். வன்முறையும் பாலியல் கொடுமையும் நிறைய உண்டு. தூங்கப் போகும் முன் படிக்கிற புத்தகமில்லை.

மில்லரின் முதல் நாவல் 'தி சாங் ஆஃப் அக்கிலிஸ்' (2011) கொஞ்சம் பொறுக்கட்டும். 2012இல் ஆரஞ்சு பரிசு பெற்றது, வாசகர்களை அழவைப்பதில் பேர்போனது. எனக்கென்னவோ அதன் முதல் பாதி தேன் கொஞ்சம் அதிகம். அக்கிலிஸையும் அவன் தோழன் பட்ரோக்ளஸையும் காதலர்களாகக் காட்டியது இந்தக் காலத்துக் கைச்சரக்கு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஹோமர் அப்படி வெளிப்படையாகச் சொல்லவில்லைதான், ஆனால் கிமு 5ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்க நாடகாசிரியர் எஸ்கிலஸ் தன் நாடகத்தில் அவர்களைக் காதலர்களாகவே காட்டியிருக்கிறார்.

ஒரு எச்சரிக்கை. நாவலில் படித்ததை "ஹோமர் சொன்னது" என்று எங்கேயும் எழுதிவிடாதீர்கள். மரக்குதிரை ட்ராய்க்குள் போவது இலியட்டில் கிடையாது. அக்கிலிஸின் குதிகால் கதையும் ஹோமரிடம் இல்லை. அதீனா தேவியின் கோயிலில் பாம்புக்கூந்தல் மெடூசாவுக்கு நேர்ந்த கொடுமை, ரோமானியக் கவிஞர் ஓவிட் சொல்லித்தான் நமக்குத் தெரியும்.

மூலத்துக்குக் காசு செலவழிக்கலாம் என்றால் ஒடிசிக்கு எமிலி வில்சனின் மொழிபெயர்ப்பு (2017). வீட்டு அடிமைகளை 'வேலைக்காரர்' என்று மழுப்பாமல் அடிமை என்றே சொல்கிறார். இலவசமாக வேண்டுமென்றால் சாமுவேல் பட்லரின் பழைய உரைநடை இணையத்தில் கிடைக்கும். ஆனால் அவர் ரோமானியப் பெயர்களைப் போடுவார். யுலிசிஸ் என்றால் ஒடிசியஸ், மினர்வா என்றால் அதீனா, ஜோவ் என்றால் ஸியூஸ். ஏற்கெனவே பெயர்களில் குழம்பியிருக்கிறீர்கள், இந்த மூன்றையும் 'சர்சி'யின் அட்டைக்கு உள்பக்கம் பென்சிலால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.