புரை எடுத்த கண்ணில் பிரஷர்: உங்கள் கேள்விகள்

அம்மாவுக்குப் புரை ஆபரேஷன் முடிந்த மறுநாளே கண் பிரஷர் 30-ஐத் தாண்டிவிட்டது. ஆபரேஷன் கெட்டுவிட்டதா? (அரூர்)

இல்லை. லென்ஸ் வைக்கும்போது கண்ணுக்குள் விடும் கொழகொழப்பான மருந்து கொஞ்சம் தங்கினால், கண்ணுக்குள் ஊறும் நீர் வடியும் வழி அடைபட்டு முதல் நாள் பிரஷர் ஏறும். பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும். கொடுத்த மருந்தைப் போடுங்கள், சொன்ன நாளில் போய்க் காட்டுங்கள்.

சொட்டு மருந்து போடுகிறேன், பிரஷர் ஏறுமா? (ஊத்தங்கரை)

எந்த மருந்து? எத்தனை நாளாக? பாட்டிலைப் பார்த்துப் பெயரை எழுதுங்கள்.

அப்பாவுக்கு ஆபரேஷன் ஆகி நாலு மாதம். கண் உறுத்தினால் அதே சொட்டு மருந்தை வாங்கிப் போட்டுக்கொள்கிறார். வலி இல்லை, ஆனால் பக்கவாட்டில் வரும் வண்டி தெரிவதில்லை. (பாலக்கோடு)

வலி இல்லை என்பதால்தான் எனக்குப் பயம். அதில் இருப்பது ஸ்டீராய்டு. ஆபரேஷனுக்குப் பிறகு நாலு, ஆறு வாரம் படிப்படியாகக் குறைத்து நிறுத்த வேண்டிய மருந்து. விடாமல் போட்டால் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் கொஞ்சமாவது பிரஷர் ஏறும்; சிலருக்கு எக்கச்சக்கமாக. குடும்பத்தில் க்ளாக்கோமா (கண் பிரஷரால் பார்வை நரம்பு பட்டுப்போகும் நோய்) இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

போன மாதம் பென்னாகரம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் வேட்டி மடிப்பிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினார். வியர்வையில் லேபிள் பாதி அழிந்திருந்தது. 'இதைக் காட்டினா மெடிக்கல்ல தர்றாங்க சார்' என்றார். எட்டு மாதமாக அப்படித்தானாம். ஒரு கண்ணில் நடுவே மட்டும் பார்வை மிச்சம். பழைய பாட்டிலைக் காட்டினால் எடுத்துக் கொடுக்கும் கடைக்காரர்களை என்ன சொல்வது! மருந்தை நிறுத்தினால் பிரஷர் பெரும்பாலும் இறங்கும். பட்டுப்போன நரம்பு துளிர்க்காது. நாளைக்கே அப்பாவைக் கூட்டிப்போய் பிரஷரும் நரம்பும் பார்க்கச் சொல்லுங்கள். பாட்டிலும் கையில் இருக்கட்டும்.

பக்கத்து வீட்டு அக்கா, கண் பிரஷரைக் குறைக்கத் தான் போடும் டிமோலால் சொட்டைக் கொடுத்தார். எனக்கு வீசிங் உண்டு. (ஓசூர்)

தொடாதீர்கள். மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும். அடுத்தவர் பாட்டில் அடுத்தவருக்கே.

ஆபரேஷனாகி இரண்டு வருடத்தில் சவ்வு படர்ந்துவிட்டது. லேசர் செய்தால் பிரஷர் வருமா? (காவேரிப்பட்டணம்)

சில மணி நேரம் ஏறலாம். அதற்குத்தான் சொட்டு விட்டு உட்கார வைக்கிறார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிடாதீர்கள்.

புரை நன்றாக முற்றட்டும் என்கிறார் மாமனார். (தேன்கனிக்கோட்டை)

அது அந்தக் காலத்துப் பேச்சு. முற்றிய புரை உப்பி, தானே பிரஷரை ஏற்றும். கண் சிவந்து, தலை பிளக்கிற மாதிரி வலித்து வாந்தியும் வந்தால் அன்றைக்கே கண் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். பித்தம் என்று வாந்திக்கு மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்துவிடாதீர்கள்.