ஆகஸ்ட் 31-க்கு அப்புறம் அலமாரியில் இருந்த ரைஃபிள்

கேள்வி: டல்லாஸ் பக்கம் ஐ.டி. வேலை, எச்-1பி விசா. மனைவி, என் விசாவைச் சார்ந்த எச்-4. போன வருடம் நவம்பரில் டெக்சாஸ் வேட்டை லைசன்ஸ் எடுத்து, அதைக் காட்டி டீலரிடம் முறைப்படி ஒரு ஏஆர்-15 ரைஃபிள் வாங்கினேன். முன்பக்கம் கனம் அதிகம், தோளில் வைத்தால் மூக்கு தொங்குகிறது. அதனால் இந்த அக்டோபரில் 13 அங்குல ஃப்ரீ-ஃப்ளோட் ஹேண்ட்கார்டு (பேரலைச் சுற்றி வரும் முன்பக்கக் கைப்பிடிக் குழாய்) ஒன்றை ஆன்லைனில் 240 டாலருக்கு வாங்கினேன். 7 அவுன்ஸ் என்று போட்டிருந்தார்கள். சமையலறைத் தராசில் வைத்தால், அதைப் பிடித்து நிறுத்தும் பேரல் நட், ஸ்க்ரூ எல்லாம் சேர்த்து 10.6 காட்டுகிறது. 'மாட்டிப் பார்த்துவிட்டீர்கள், திருப்பி எடுக்க முடியாது, வேண்டுமானால் 180 டாலர் ஸ்டோர் கிரெடிட்' என்கிறார்கள். போனில் என் ஆங்கிலத்தைக் கேலி செய்தார்கள். காசு பெரிதில்லை, மானப் பிரச்சினை. எடை போட்ட படங்கள், மெயில்கள், ரேஞ்சில் சுட்டுப் பார்த்த வீடியோ எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. லைசன்ஸை இந்த நவம்பரில்தான் புதுப்பிக்க வேண்டும், அதனால் அந்தப் பக்கம் பிரச்சினை இல்லை. சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளைம்ஸில் போட்டால் ஜெயிக்குமா?

பதில்: போடாதீர்கள். அந்த 180 டாலர் கிரெடிட்டை வாங்கிக்கொண்டு விஷயத்தை முடியுங்கள்.

எடைப் பிரச்சினையை முதலில் தள்ளிவைத்துவிடலாம். ஹேண்ட்கார்டு விற்பவர்களில் பலர் வெறும் குழாயின் எடையைத்தான் போடுவார்கள். அதற்கென்றே வரும் பேரல் நட்டும் ஸ்க்ரூவும் தனிக் கணக்கு. பக்கத்தின் கீழே எங்காவது 'ஹார்டுவேர் நீங்கலாக' என்று பொடி எழுத்தில் இருக்கும், போய்ப் பாருங்கள். இல்லை என்றால் உங்களுக்கு ஒரு வழக்கு இருக்கிறது, மறுக்கவில்லை. டெக்சாஸ் நுகர்வோர் சட்டத்தின் கீழ் 60 நாள் முன்னறிவிப்பு, அப்புறம் ஜஸ்டிஸ் கோர்ட், நீங்கள் சொல்லும் ஸ்மால் கிளைம்ஸ் அங்கேதான். அங்கே 20,000 டாலர் வரை கேட்கலாம், நீங்கள் கேட்கப்போவது 240. உச்சரிப்பைக் கேலி செய்ததற்கு அந்தக் கோர்ட்டில் விலை கிடையாது.

உங்கள் கடிதத்தில் சட்டப்படி முக்கியமான வரி ஒன்றே ஒன்று. 'லைசன்ஸை நவம்பரில்தான் புதுப்பிக்க வேண்டும்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான். டெக்சாஸில் வருடாந்திர வேட்டை லைசன்ஸை எந்த மாதம் வாங்கினாலும் ஆகஸ்ட் 31-ஆம் தேதியோடு முடிந்துவிடும். நவம்பரில் வாங்கினால் அடுத்த நவம்பர் வரை என்பது மீன்பிடி லைசன்ஸில் ஒரு வகைக்கு மட்டும் பொருந்தும். உங்கள் லைசன்ஸிலேயே முடியும் தேதி போட்டிருக்கும், எடுத்துப் பாருங்கள். புதியதை எடுக்கவில்லை என்றால் செப்டம்பர் 1 முதல் உங்களிடம் செல்லுபடியாகும் லைசன்ஸ் இல்லை. ரைஃபிள் மட்டும் அலமாரியிலேயே இருந்திருக்கிறது.

டீலரிடம் துப்பாக்கி வாங்குவதற்கான கூட்டாட்சிப் படிவமான ஃபார்ம் 4473-ஐ நிரப்பியபோது விசா பற்றிய கேள்விக்கு ஏன் அந்த லைசன்ஸைக் காட்டச் சொன்னார்கள் என்று யோசித்தீர்களா? அது வெறும் அடையாள அட்டை இல்லை. குடியேறாத விசாவில், அதாவது எச்-1பி போன்ற தற்காலிக விசாவில், இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கவே கூடாது என்பதுதான் 1998 முதல் கூட்டாட்சிச் சட்டம், 922-ஆம் பிரிவு. அதில் இருக்கும் சில விலக்குகளில் நம்மவர்களுக்குப் பயன்படுவது ஒன்றுதான்: அமெரிக்காவில் முறையாக வழங்கப்பட்ட வேட்டை லைசன்ஸ் கைவசம் இருக்க வேண்டும். வாங்கிய நாளில் இருந்தால் போதாது. வைத்திருக்கும் ஒவ்வொரு நாளும் இருக்க வேண்டும். சட்டம் தடுப்பது வாங்குவதை மட்டும் இல்லை, வைத்திருப்பதையும்தான். இதற்கான அதிகபட்சத் தண்டனை பத்து வருடமாக இருந்தது, 2022-ல் பதினைந்தாக உயர்த்தினார்கள்.

இந்த இடத்தில்தான் வக்கீலிடம் வரும் கட்சிக்காரர்கள் விழுகிறார்கள். துப்பாக்கி வாங்கும்போது பத்துப் பேரைக் கேட்டு, காகிதம் எல்லாம் சரிபார்த்துச் செய்வார்கள். டீலர் கையெழுத்துப் போட்டு ரைஃபிளைக் கொடுத்ததும் 'எல்லாம் லீகல்' என்று மனதில் முத்திரை குத்திவிடுவார்கள். அப்புறம் ஸ்கோப் எது, ஹேண்ட்கார்டு எது, அலுமினியமா கார்பன் ஃபைபரா என்று மாதக்கணக்கில் ஆராய்ச்சி. லைசன்ஸ் தேதியை மட்டும் யாரும் காலண்டரில் குறிப்பதில்லை.

இப்போது நீங்கள் போட நினைக்கும் வழக்கைப் பாருங்கள். ஹேண்ட்கார்டு சட்டப்படி துப்பாக்கி இல்லை. ஏஆர் ரைஃபிளில் துப்பாக்கி என்று சட்டம் சொல்வது கீழ் ரிசீவரை, அதாவது டிரிக்கர் உட்கார்ந்திருக்கும் அடிப்பகுதியை. மற்றதெல்லாம் உதிரிபாகம், தபாலில் வரும், ஃபார்ம் கிடையாது. ஆனால் ஃப்ரீ-ஃப்ளோட் ஹேண்ட்கார்டு பேரலைத் தொடாமல் பேரல் நட்டை மட்டும் பிடித்து நிற்கும் பொருள். ரைஃபிளைப் பிரித்து, பழைய நட்டைக் கழற்றி, புதியதை முறுக்கினால்தான் மாட்ட முடியும். அக்டோபரில் மாட்டினேன், அக்டோபரில் சுட்டேன் என்று நிரூபிக்க நீங்கள் கோர்ட்டில் கொடுக்கப்போகும் ஒவ்வொரு படமும், லைசன்ஸ் முடிந்த பிறகு ரைஃபிளும் தோட்டாவும் உங்கள் கையில் இருந்ததைத் தேதி போட்டுக் காட்டும் படம். 240 டாலருக்காக உங்கள் மேல் வரக்கூடிய குற்றச்சாட்டுக்கு நீங்களே சாட்சிப் பட்டியல் தயாரித்துக் கொடுப்பதா?

சாட்சிக் கூண்டில் எதிர்த்தரப்பு கேட்கும் முதல் கேள்வியே 'எப்போது மாட்டினீர்கள்?' என்பதாக இருக்கும். உண்மை சொன்னால் பதிவாகிவிடும். பொய் சொன்னால் அது தனிக் குற்றம். பதில் சொல்ல மாட்டேன் என்று, தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல வேண்டாம் என்ற ஐந்தாம் திருத்த உரிமையைப் பிடித்துக்கொண்டால், சிவில் வழக்கில் அதை உங்களுக்கு எதிராகவே எடுத்துக்கொள்ளலாம். வழக்குப் போட்டவரே வாயைத் திறக்காமல் நின்றால் அந்த வழக்கு என்ன ஆகும்?

கடைக்காரர் உங்களை மாட்டிவிடுவார் என்று நான் பயமுறுத்தவில்லை. பெரும்பாலும் அவருக்கு இந்தச் சட்டமே தெரிந்திருக்காது. நான் பார்ப்பது உங்கள் கிரீன் கார்டு ஃபைலை. நம் ஊர்க்காரர்களுக்கு அந்த வரிசை எவ்வளவு நீளம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கிரீன் கார்டு விண்ணப்பமான ஐ-485 படிவம் 'கைதாகாவிட்டாலும், எப்போதாவது குற்றம் செய்திருக்கிறீர்களா' என்று கேட்கும். அந்த நாளில் இந்த அக்டோபர் வீடியோ ஒரு பொதுக் கோர்ட் ஆவணத்தில் கிடந்தால் எப்படி இருக்கும்? குற்றம் நிரூபணமானால் நாடுகடத்தலுக்குத் துப்பாக்கிக் குற்றம் என்றே குடியேற்றச் சட்டத்தில் தனிப் பிரிவு இருக்கிறது. நாட்டுக்குள் வந்து இத்தனை வருடம் ஆயிற்று என்ற சலுகை எதுவும் அதில் கிடையாது.

'எனக்குத் தெரியாது சார், நவம்பர் வரை என்று நினைத்தேன்' என்பீர்கள். 2019-ல் ரெஹாய்ஃப் வழக்கில் உச்ச நீதிமன்றம், தான் தடை செய்யப்பட்ட வகையில் இருப்பது குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தெரிந்திருந்தது என்று அரசு நிரூபிக்க வேண்டும் என்றது உண்மைதான். அவர் ஃப்ளோரிடாவில் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்ட பிறகும் தங்கிவிட்ட மாணவர். ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டார், அவ்வளவுதான். ஆனால் அந்தத் தீர்ப்பைக் கேடயமாக நினைத்துவிடாதீர்கள். நீங்கள் எச்-1பி என்பது உங்களுக்குத் தெரியும். முடியும் தேதி லைசன்ஸிலேயே அச்சாகி இருக்கிறது. 'படிக்கவில்லை' என்பதை ஜூரி நம்பலாம், நம்பாமலும் போகலாம். அந்தச் சீட்டாட்டத்துக்குப் பந்தயம் உங்கள் வேலையும் வீடும்.

நீங்கள் கேட்காத இன்னொன்று: உங்கள் மனைவி. எச்-4-ம் குடியேறாத விசாதான். உங்கள் லைசன்ஸ் அவருக்குக் குடையாகாது. அலமாரியின் பூட்டு எண்ணோ சாவியோ அவரிடம் இருந்தால், ரைஃபிள் அவர் வசத்திலும் இருக்கிறது என்று வாதிட இடம் இருக்கிறது. 'அவசரத்துக்கு இருக்கட்டும்' என்று அந்த எண்ணைச் சொல்லி வைத்திருப்பீர்கள், எல்லாரும் செய்வதுதான். உங்கள் லைசன்ஸ் சரியாக இருந்த மாதங்களில்கூட அது தவறு.

இனி பதற்றத்தில் நீங்கள் செய்யக்கூடியவை. இந்தப் பதிலைப் படித்ததும் இவை மனதில் ஓடும் என்று எனக்குத் தெரியும். வீடியோவை அழிக்காதீர்கள், படங்களையும் அழிக்காதீர்கள். சான்றை அழிப்பது முதல் குற்றத்தைவிட மோசமாகத் தெரியும். புதிதாக யாருக்கும் அனுப்பவும் வேண்டாம். இன்றைக்கே புது லைசன்ஸ் எடுத்தால் இன்று முதல் விலக்கு கிடைக்கும், செப்டம்பர் 1 முதல் நேற்று வரையான நாள்களை அது கழுவாது. பின்தேதி போடவும் வழியில்லை. ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு போய் நண்பர் வீட்டில் வைக்கவே வைக்காதீர்கள். அந்த நண்பரும் எச்-1பி-யாகத்தான் இருப்பார், சிக்கல் இரண்டு வீட்டுக்குப் பரவும். டீலரைக் கூப்பிட்டு 'இப்படி ஆகிவிட்டது' என்று விளக்கம் சொல்லவும் வேண்டாம். அவர் உங்கள் வக்கீல் இல்லை, சொன்னதற்கு ரகசியப் பாதுகாப்பும் கிடையாது.

இன்றோ நாளையோ கூட்டாட்சிக் கிரிமினல் வழக்கும் குடியேற்றமும் இரண்டும் தெரிந்த ஒரு வக்கீலிடம் நேரில் போய் உட்காருங்கள். கம்பெனியின் விசா வக்கீல் வேண்டாம், அவருக்குக் கம்பெனியும் ஒரு கட்சிக்காரர். ரைஃபிளையும் தோட்டாக்களையும் எப்படி, யார் கையால், எங்கே ஒப்படைப்பது என்பதை அவர் சொல்லட்டும். எந்த வரிசையில் எதைச் செய்வது என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது, அதை நான் இங்கே எழுத மாட்டேன். ஒருவேளை ஆகஸ்டிலேயே புதுப்பித்துவிட்டு மறந்திருந்தால், ரசீதை எடுத்துப் போங்கள், அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடலாம்.

கிரெடிட்டில் இன்னொரு ஹேண்ட்கார்டு வாங்கத் தோன்றும். இப்போதைக்கு வேண்டாம். கடைக்கு ஒரே ஒரு மெயில் போடுங்கள்: '180 டாலர் ஸ்டோர் கிரெடிட்டை ஏற்றுக்கொள்கிறேன், இந்த ஆர்டர் தொடர்பாக எனக்கு வேறு கோரிக்கை இல்லை.' ரைஃபிள், ரேஞ்ச், மாட்டினேன், சுட்டேன் என்று அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம்.