அட்டைப்பெட்டியை மண்ணில் கலக்கலாமா?

மாடியில் க்ரோ பேக் மண்ணோடு அட்டையைக் கிழித்துக் கலந்தேன். மூன்றே வாரத்தில் கத்தரிச் செடி வெளுத்துவிட்டது. ஏன்?

அட்டையில் கார்பன் ஏராளம். தழைச்சத்து (நைட்ரஜன்) அநேகமாக இல்லை. அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கோ தழைச்சத்து வேண்டும். அட்டையில் கிடைக்காததால் மண்ணில் இருப்பதை எடுத்துக்கொள்கின்றன, செடி பட்டினி கிடக்கிறது. அடி இலைகள் முதலில் மஞ்சளாகியிருக்குமே? அதுதான் அடையாளம். ஆரம்பத்தில் நானும் இப்படிப் பத்துத் தொட்டிகளைக் கெடுத்தேன்.

கைக்கு அகப்படும் துண்டுகளைப் பொறுக்கிவிடுங்கள். கடலைப் பிண்ணாக்கை இரண்டு நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து, வாரம் ஒருமுறை ஊற்றுங்கள். புது இலைகள் பச்சையாக வரும். இனி அட்டையை மண்ணுக்கு மேலே மூடாக்காகப் போடுங்கள், வெயில் காலத்தில் ஈரம் காயாது. இல்லையென்றால் கம்போஸ்ட் தொட்டிக்கு அனுப்புங்கள். ஒரு வாளி காய்கறிக் கழிவுக்கு இரண்டு வாளி கிழித்த அட்டை என்று போட்டால் நாற்றமும் குறையும்.

தோட்டத்தில் கோரை தாங்கவில்லை. அட்டை விரித்தால் அடங்குமா?

கோரை அடங்காது. கிழங்கிலிருந்து ஊசிபோலக் குத்திக்கொண்டு வந்துவிடும், தோண்டித்தான் எடுக்க வேண்டும். குப்பைமேனி மாதிரி விதையில் முளைக்கிற களைகள் நன்றாகவே கட்டுப்படும். களையைத் தரையோடு அறுத்து, மண்ணை நனைத்து, ஊறிய அட்டைகளை, ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று 15 செ.மீ. ஏறும்படி விரியுங்கள். மேலே தொழு உரமும் சருகும் 10 செ.மீ. உயரத்துக்குப் போடுங்கள். காய்ந்த அட்டையை அப்படியே விரித்தால் மழைத்தண்ணீர் வழிந்து ஓடிவிடும்.

கரையான் வருமா?

வரும். அதற்கு இது விருந்து. வீட்டுச் சுவரை ஒட்டிய பாத்தியில் நான் போடவே மாட்டேன். மற்ற இடங்களில் அட்டை காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மரத்தின் அடியிலிருந்து ஒரு சாண் தள்ளியே விரியுங்கள்.

எந்த அட்டை நல்லது?

பழுப்பு நிற நெளி அட்டை. டேப், லேபிள், பின் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பளபளப்பான அட்டையும் பேப்பர் கப்பும் வேண்டாம், அவற்றில் பெரும்பாலும் பிளாஸ்டிக் பூச்சு இருக்கும்.

தொட்டியின் அடியில் போட்டால் வடிகால் சரியாகுமா?

ஆகாது. மண் கொட்டாமல் இருக்க ஒரே ஒரு தாள் போடலாம். கனமாக அடுக்கினால் நனைந்து கூழாகி ஓட்டையையே அடைத்துவிடும்.