குணச்சித்திர நடிகர் என்றால் யார்? ஹாலிவுட்டில் நாயகனாகாமலே சிலர் எப்படி ஐம்பது வருடம் தாக்குப்பிடித்தார்கள்?

கதையைச் சுமப்பவர் நாயகன். அந்தக் கதையில் வரும் கணக்குப்பிள்ளை, அடியாள், வக்கீல் போன்றவர்களை ஒரு பார்வையிலேயே நம்பவைப்பவர் குணச்சித்திர நடிகர். சாம்பாரில் பெருங்காயம் மாதிரி: போடுவது ஒரு சிட்டிகைதான், போடாவிட்டால் உடனே தெரிந்துவிடும்.

எலிஷா குக் ஜூனியரை எடுத்துக்கொள்ளுங்கள். குள்ளமான உருவம், மிரண்ட கண்கள். 1941-ல் 'தி மால்டீஸ் ஃபால்கன்' படத்தில் முறைத்துக்கொண்டே திரியும் அடியாள். படத்தின் நாயகன் ஹம்ஃப்ரி போகார்ட், குக்கின் துப்பாக்கிகளைச் சுலபமாகப் பறித்துவிடுவார். 1953-ல் வந்த 'ஷேன்' படத்தில் குண்டு பட்டதும் சேற்றில் பின்பக்கமாகத் தூக்கி எறியப்படுவார். என்னைக் கேட்டால், படத்தில் மனதை விட்டுப் போகாத காட்சி அதுதான்.

அப்புறம் தொலைக்காட்சி வந்தது. வாரம் ஒரு புதுக் கதை, வாரம் ஒரு புது ஆள். அந்த ஆள் யார் என்று விளக்க அங்கே நேரமில்லை. முகமே சொல்லியாக வேண்டும். அதனால் இப்படிப்பட்டவர்களுக்கு வேலை குறையவில்லை. 1967-ல் 'ஸ்டார் ட்ரெக்' என்ற விண்வெளித் தொலைக்காட்சித் தொடரில் கணினியை ஒதுக்கிவிட்டுப் புத்தகக் குவியலோடு வாதாடும் வக்கீலும் இதே குக்தான்.

குணச்சித்திரம் என்றதும் கண்கலங்கும் நல்ல அப்பா வேடத்தை மட்டும் நினைக்க வேண்டாம். குக் பெயர் வாங்கியது பெரும்பாலும் கோழைகளாகவும் போக்கிரிகளாகவும் நடித்துத்தான்.